பரணிலிருந்து எப்பெர்னே வரை

ஷாம்பெயின் பாட்டிலை இந்தியாவிலிருந்து பிரான்ஸுக்குச் சுமந்து கொண்டு போனவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை!

பாட்டில் என் பள்ளி நண்பனின் அப்பாவுடையது. அவர் 'சொல்தா'. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1981-ல் ஓய்வு பெற்றபோது கூட இருந்தவர்கள் கொடுத்த பாட்டில் அது. லேபிளில் 1975 என்று போட்டிருக்கும்.

"பையன் பாஸ் பண்ணட்டும், திறக்கலாம்" என்றார். பண்ணினான். "வேலைக்குப் போகட்டும்" என்றார். போனான், பாரீஸுக்கே. அப்புறம் "கல்யாணம் ஆகட்டும்". அப்புறம் "பேத்தி பிறக்கட்டும்". அவளும் பிறந்தாள். "குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாடா, திறந்துடலாம்" என்று போனில் சொன்னார். இவனுக்கு லீவு கிடைத்தபோது அவர் இல்லை.

போன வருஷம் நான் பிரான்ஸ் கிளம்புகிறேன் என்று தெரிந்ததும் அவன் அம்மா பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தார். "அவன்கிட்ட குடுத்துடு தம்பி. அவனுக்குன்னுதான் அவரு வச்சிருந்தாரு."

மூன்று வேட்டி சுற்றி சூட்கேஸில் வைத்தேன். விமானம் ஏறிய பிறகுதான் அந்த விவரத்தைப் படித்துத் தொலைத்தேன்: ஷாம்பெயின் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாரீஸ் வரை எனக்குத் தூக்கமில்லை.

நண்பன் பாட்டிலை வாங்கி, துடைத்து, மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "ஏண்டா, இது இன்னும் நல்லா இருக்குமா?"

பி.காம். படித்தவனிடம் கேட்டால்? வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம் போட்டுப் பார்த்தேன். நாலணா மிஞ்சியது. "தெரிஞ்சவங்க யாரையாவது கேட்போம்" என்றேன்.

கார் த லெஸ்த் ஸ்டேஷனில் ரயில் பிடித்தால் எப்பெர்னே ஒன்றேகால் மணி நேரம். கொஞ்ச தூரம் போனதும் மார்ன் ஆறு கூடவே வருகிறது. கரை மேட்டில் திராட்சைத் தோட்டங்கள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி வரிவரியாக. 2015-ல் யுனெஸ்கோ இந்தச் சரிவுகளையும் இங்குள்ள பாதாள அறைகளையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

எப்பெர்னே சின்ன ஊர். ஆனால் அதில் 'ஷாம்பெயின் அவென்யு' என்று ஒரு தெரு இருக்கிறது பாருங்கள்... இரண்டு பக்கமும் அரண்மனை மாதிரி கம்பெனிகள். சொத்து முழுக்க தரைக்குக் கீழே! சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து இந்த ஊருக்கு அடியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதை போட்டிருக்கிறார்கள். நம்மூர் தெருவுக்கு அடியில் என்ன இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

நண்பன் போனில் பேசி வைத்திருந்த ஒரு சின்ன தயாரிப்பாளரிடம் போனோம். அறுபது வயசு பெரியவர் கீழே அழைத்துப் போனார். மேலே மே மாத வெயில். படி இறங்க இறங்க பல் தந்தியடிக்கிறது. வருஷம் முழுக்க பத்து, பன்னிரண்டு டிகிரிதானாம். விளக்கைத் தட்டினால் ஒழிய இருட்டு.

"சாதாரண ஷாம்பெயினை பதினைந்து மாசமாவது இங்கே வச்சிருந்துதான் விக்கணும். வருஷம் போட்டதுன்னா மூணு வருஷம். வாங்கினதுக்கு அப்புறம் சாதாரணத்தை மூணு நாலு வருஷத்துல குடிச்சிடறது நல்லது. வருஷம் போட்டது நல்லா வச்சிருந்தா இருபது, முப்பதுகூட தாங்கும்" என்றார். நண்பன் மொழிபெயர்த்தான். 2010-ல் பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், கடலில் ஐம்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 பாட்டில்களை எடுத்தார்களாம். ஏறக்குறைய 170 வருஷச் சரக்கு. அதிலேயே சிலது குடிக்கிற நிலையில் இருந்ததாம். கடலடியில் இருட்டு, குளிர். வேறென்ன வேண்டும்!

எங்களுக்குத் தைரியம் வந்தது. பாட்டிலை நீட்டினோம்.

நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி பிடித்தார். பின்னால் டார்ச் அடித்தார். கழுத்தில் இரண்டு விரல்கடை குறைந்திருந்தது. "கார்க் காஞ்சிருக்கு. எங்கே வச்சிருந்தீங்க?"

"புதுச்சேரியில."

"வீட்டுல எந்த இடம்?"

பரண் என்பதற்கு நண்பனுக்குப் பிரெஞ்சில் வார்த்தை கிடைக்கவில்லை. கையை மேலே காட்டி, "சமையலறைக்கு மேலே" என்றான். பெரியவர் கண்ணை மூடித் திறந்தார்.

வித்தால் என்ன வரும் என்று கேட்டேன். காமர்ஸ் புத்தி. "வச்சிருந்த விதம் தெரியாத பாட்டிலை எவனும் வாங்க மாட்டான். குடிச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நல்லா இருக்குமான்னு திறக்காம சொல்ல முடியாது" என்றார்.

நண்பன் பேசவில்லை. திறக்காதவரை அது அப்பாவின் பாட்டில். திறந்துவிட்டால் காலி பாட்டில். ரொம்ப நேரம் கழித்து, "எதுக்காக வச்சிருந்தாரோ அந்தக் குழந்தைக்கே இப்போ மூணு வயசு. திறங்க" என்றான்.

ஐஸ் தண்ணீரில் அரை மணி. கார்க்கைப் பிடித்துக் கொண்டு பாட்டிலைத் திருப்பினார். சினிமாவில் வருகிற 'டப்' எல்லாம் இல்லை. பெரியவர் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு 'ஸ்...' அவ்வளவுதான். கார்க் புது பாட்டிலில் வருவதுபோல அடி விரியாமல், முளைக்குச்சி மாதிரி நேராக வந்தது.

டம்ளரில் ஊற்றியது டீ டிகாக்ஷன் நிறம். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் நாலைந்து குமிழி. நான் காபி கட்சி. ஆனாலும் ஒரு வாய் பார்த்தேன். வெல்லம், அக்ரூட், கடைசியில் லேசாக ஊறுகாய்ப் புளிப்பு.

பெரியவர் மூக்கருகில் வைத்து, ஒரு மிடறு குடித்து, "செத்துப் போகல. ஆனா ரொம்ப வெயில் பார்த்திருக்கு" என்றார்.

நண்பன் ஒரு டம்ளரை முழுசாகக் குடித்தான். இன்னொன்றை ஊற்றி எதிரே வைத்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பெரியவரும் கேட்கவில்லை.

மேலே வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் குரல் கேட்டது. "திறந்தியாடா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"இருக்காதா பின்னே? பூஞ்சை பிடிச்சிடக் கூடாதுன்னு வருஷா வருஷம் போகியன்னிக்கு பரண்லேருந்து எறக்கி, நாள் முழுக்க மொட்டை மாடி வெயில்ல காய வச்சில்ல எடுத்து வச்சேன்!"