பத்து ஒன்பதும் ஒரு ஊறுகாய்ப் பொட்டலமும்

மதுரை
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு

அடி சரசு,

போனில் சொல்லித் தீர்க்க வேண்டியதைத் தாளில் எழுதுகிறேனே என்று பார்க்கிறாயா? போன மாதம் உன்னிடம் முழங்கால் வலியைப் பற்றி முக்கால் மணி நேரம் புலம்பினேன் இல்லையா, மறுநாள் காலையிலிருந்து செல்லைத் திறந்தால் மூட்டுவலித் தைலம்தான். “அதுக்கு முன்னாடி நீயே எத்தனை தடவை தேடிப் பார்த்தேம்மா?” என்று என் பையன் மடக்குகிறான். இருக்கட்டும். இது எதிர்வீட்டுக் குடும்ப விஷயம், காற்றில் போகக் கூடாது. ஸ்பீடு போஸ்ட்டுக்கும் போன் நம்பர் கேட்கிறார்கள். அதனால் அஞ்சு ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிச் சாதா தபாலில் போடுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

எதிர்வீட்டு மாமியாரை உனக்குத் தெரியும். எங்கள் கிரகப்பிரவேசத்தில் பாயசத்தில் எத்தனை முந்திரி கிடக்கிறது என்று கரண்டியால் எண்ணிப் பார்த்தாரே, அந்த அம்மாதான். அன்றைக்கு நாம் கொல்லைப்புறம் போய்ச் சிரித்த சிரிப்பு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு மருந்து மாத்திரை எல்லாம் ஒரே கடையில்தான் வாங்குவார்கள். நம்பர் சொன்னால் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி. சொல்கிற நம்பர் மாமியாருடையது. யார் போனாலும் அதையே ஒப்பிப்பார்கள்.

மருமகள் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் அந்தக் கடையில் நுழைந்து, வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கிற கிட் ஒன்று வாங்கியிருக்கிறாள். கவுண்டரில் “நம்பர் மேடம்?” என்று கேட்டதும், பழக்க தோஷம், மாமியார் நம்பரைச் சொல்லிவிட்டாள். பில் நேராக மாமியார் செல்லுக்குப் போயிற்று. இவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த அம்மா விளக்கேற்றி, திருப்பரங்குன்றத்துக்கு நேர்ந்துகொண்டு, காரைக்குடியில் இருக்கிற மகளுக்கும் சொல்லி முடித்தாயிற்று.

அந்தப் பெண் இன்னும் புருஷனிடமே சொல்லவில்லையடி! பரிசோதனையே செய்யவில்லை! செய்து பார்த்தால் ஒன்றுமில்லை. பத்து நாள் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதோடு விட்டதா? வாரத்துக்கு ரெண்டு தடவை குழந்தைகள் டயப்பருக்குத் தள்ளுபடி என்று மாமியார் செல்லுக்கு மெசேஜ் வருகிறது. ஒவ்வொரு மெசேஜுக்கும் மருமகள் முகத்தை ஒரு பார்வை. அவள் என் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அறுபது ரூபாய்க் கிட்டுக்குத் தள்ளுபடி ஆறு ரூபாய்.

“ஏம்மா நம்பரைக் கொடுத்தே?” என்றேன்.

“பின்னாடி கியூவே நிக்குது ஆன்ட்டி. தர மாட்டேன்னு சொன்னா அல்பம்னு நினைப்பாங்க.”

இந்த ‘அல்பம்’ என்கிற வார்த்தை என்னை விடவே இல்லை. யோசித்துப் பார், நாம் எத்தனை இடத்தில் இதற்குப் பயந்தே வாயை மூடிக்கொள்கிறோம்! கடைப் பெயரை அச்சடித்த பைக்கு நம்மிடமே காசு வாங்குகிறான், நாமும் அவனுக்கு இலவச விளம்பரமாக அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறோம். கேட்டால் அல்பம். கம்பெனிக்காரனுக்கு முதல் போட்ட பணத்தைவிட நம்முடைய கூச்சம்தான் பெரிய மூலதனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூச்சப்படாத ஆட்களும் இருக்கிறார்கள். சென்னை மாத்தூர்க்காரர் ஒருவர் 2021 டிசம்பரில் தெரு நாய்களுக்குப் போடுவதற்காக மணலியில் சன்ஃபீஸ்ட் மேரி லைட் வாங்கியிருக்கிறார். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருக்கிறது, உள்ளே 15. நீயும் நானும் என்ன செய்திருப்போம்? நாயா எண்ணப் போகிறது என்று விட்டிருப்போம். அவர் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நாங்கள் எண்ணி விற்கவில்லை, எடை போட்டுத்தான் விற்கிறோம் என்றது கம்பெனி. சரி, எடை போடுங்கள் என்று பார்த்தால் 76 கிராம் என்று போட்ட பாக்கெட்டில் 74 கிராம்தான் இருக்கிறது! நாலரை கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதி இருக்கிறதே என்றார்கள். அது தானாக எடை குறையக்கூடிய பொருளுக்கு, பிஸ்கட்டுக்கு இல்லை என்றது ஆணையம். 2023-ல் தீர்ப்பு: ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு, அந்த பேட்ச் பிஸ்கட்டை விற்பதை நிறுத்து. ஒரு பிஸ்கட் முக்கால் ரூபாய்தான் ஆகிறது. தினம் எத்தனை லட்சம் பாக்கெட் போகும் என்று நீயே பெருக்கிக்கொள்.

விழுப்புரம் கதை இதைவிட ருசி. ஒருவர் 2022-ல் ஓட்டலில் 25 சாப்பாடு பார்சல் வாங்கியிருக்கிறார், ஒன்று 80 ரூபாய். பிரித்தால் ஊறுகாயைக் காணோம். ஊறுகாய்க்கு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டு 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், ஓட்டலில் மறுத்துவிட்டார்கள். 2024-ல் ஆணையம் 35,000 ரூபாய் கொடு என்றது, ஊறுகாய்க்கான 25 ரூபாயும் சேர்த்து. எங்கள் வீட்டுக்காரர் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு, மாவடு இல்லாமல் நான் வைத்த தயிர் சாதத்தைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்தார். “நான் வக்கீல் நோட்டீஸுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை” என்று சொல்லிவிட்டேன்.

இவர் நம்பர் விஷயத்தில் எப்படித் தப்பிக்கிறார் தெரியுமா? கடையில் கேட்டால் கண்ணிமைக்காமல் என் தம்பி நம்பரைச் சொல்வார். ஏழெட்டு வருஷமாக இந்தத் திருவிளையாடல் நடக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரம் அரைப் பவுன் குறைந்த கணக்கை இப்படித் தீர்த்துக்கொள்கிறாரோ என்னவோ. தம்பி ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து, “எனக்கு மட்டும் ஏன்க்கா இவ்வளவு பேர் லோன் வேணுமான்னு கேக்குறாங்க?” என்று அழாத குறையாகக் கேட்கிறான். இவர் வடையைக் கடித்துக்கொண்டு, “காலம் கெட்டுப் போச்சு மாப்ளே” என்பார்.

எதிர்வீட்டுப் பெண் அழுததைப் பார்த்த பிறகு நான் அந்த மாதிரித் தப்பிப்பதில்லை என்று முடிவு கட்டினேன். போன வாரம் விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் ரெண்டு ஜாக்கெட் துணியும் ஒரு உள்பாவாடையும் எடுத்தேன்.

“நம்பர் மேடம்?”

“தர்றதா இல்லை தம்பி.”

“நம்பர் இல்லாம சிஸ்டம் பில் போடாது மேடம்.”

“2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை சொல்லியாச்சு. நம்பர் தரலைன்னா பில் கிடையாதுன்னு சொல்லக் கூடாது, அது முறையற்ற வியாபாரம். நீ போடு, இல்லாட்டி நான் 1915-க்குப் போன் போடுறேன். தமிழ்லயே பேசுவாங்க.”

உண்மையில் என் கை நடுங்கியது சரசு. பின்னால் நின்றவர்கள் ‘உச்’சுக் கொட்டினார்கள். உள்பாவாடைக்கு இத்தனை சட்டமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சூப்பர்வைசர் வந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், பையனை நகர்த்திவிட்டுத் தானே பத்து ஒன்பது தட்டினார். சிஸ்டம் சமர்த்தாக பில் போட்டது! எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், “எனக்கும் ஒன்பதே போட்டுருங்க தம்பி” என்றார் பார், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

கூச்சத்தை வைத்துப் பிழைக்கிற வித்தைக்கு அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது, தெரியுமோ? 2023 நவம்பரில் ‘டார்க் பேட்டர்ன்’ என்று ஆன்லைன் வியாபாரத்தின் 13 தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நாம் கேட்காத சாமானை நைசாகக் கூடையில் தள்ளுவது, சந்தாவில் சேர ஒரு தட்டு, விலக ஒன்பது தட்டு என்று வைப்பது, இப்படி. அதில் ஒன்று, வேண்டாம் என்று சொல்பவரை வெட்கப்பட வைப்பது. விமான டிக்கெட்டில் இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால், ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று நம் கையாலேயே அமுக்க வைப்பார்கள். இந்த உதாரணம் அந்த விதிகளிலேயே இருக்கிறது. படித்ததும் எனக்கு நம் காலத்துப் புடவைக் கடைதான் ஞாபகம் வந்தது. “அது உங்களுக்குக் கட்டுப்படியாகாதுக்கா” என்று சொல்லியே உன் தலையில் அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டினானே! ஒரு வித்தியாசம், அவன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டலாம். இது கண்ணாடித் திரை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சட்டம் என்ன கொடுக்கும் என்று பையனை உட்கார வைத்துத் துருவினேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள் இல்லையா, அந்த வழக்கை ஆதாருக்கு எதிராகப் போட்ட புட்டசாமி என்கிற கர்நாடக ஐகோர்ட் ஓய்வு நீதிபதிக்கு அப்போது 91 வயது. வழக்குப் போட்டபோதே 86. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆகஸ்ட் ஆயிற்று. அதற்கு விதிகள் வந்தது 2025 நவம்பரில். அந்த மனிதர் அதற்கு ஒரு வருஷம் முன்பே, 98 வயதில் கண்ணை மூடிவிட்டார். விதிகள் வந்ததிலிருந்து கம்பெனிகளுக்கு 18 மாதம் அவகாசமாம். நமக்கு அவகாசம் கொடுத்த ஒரு கடன் கம்பெனியைக் காட்டு பார்ப்போம்.

சட்டத்தில் நல்லதும் இருக்கிறது. சம்மதம் கேட்கிற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்து தர வேண்டும். தரவைப் பாதுகாக்காமல் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம் போடலாம். ஆனால் கேள், அந்த அபராதம் போவது அரசாங்கக் கஜானாவுக்கு. அழுத பெண்ணுக்கு ஒரு பைசா இல்லை. நஷ்டஈடு கேட்க ஐ.டி. சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் எடுத்துவிட இதே சட்டம் வழி செய்திருக்கிறது. வீட்டில் திருட்டுப் போனால் திருடனிடம் பிடித்த பணத்தைத் தாசில்தார் ஆபீஸில் கட்டச் சொல்வது போல இருக்கிறது எனக்கு. போதாததற்கு, நாம் பொய்ப் புகார் கொடுத்தாலோ, இன்னொருத்தர் போல நடித்தாலோ நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தம்பி நம்பர் விவகாரம் அதில் வருமா வராதா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இவரைப் பயமுறுத்த அது போதும்.

அவளுக்கு இருக்கிற வழி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். நம்பிச் சொன்ன சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காமல் வேறொருவருக்குத் தெரியப்படுத்துவதும் முறையற்ற வணிகம் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாவட்ட ஆணையத்திலேயே ரெண்டு வருஷத்துக்குள் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இவ்வளவையும் உற்சாகமாகச் சொன்னேன். அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு, “கேஸ் போட்டா கிட் கதையை நாலு பேர் முன்னாடி மறுபடியும் படிக்கணுமே ஆன்ட்டி” என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நம்பரைக் கொடுத்தவளும் அவள்தானே என்று கடைக்காரன் கேட்பான். அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் கடைக்கு ஒரு மெயில் போட்டு, அந்த நம்பரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.

ஆனால் மாமியார் சும்மா இருப்பாரா? பிஸ்கட் கதையை நான்தான் அவரிடம் உளறிவிட்டேன். அன்றிலிருந்து எந்தப் பாக்கெட் வந்தாலும் தட்டில் கொட்டி எண்ணுகிறார். ஊதுவத்தி, அப்பளம், குளோப்ஜாமூன் எதுவும் பாக்கியில்லை. சமையலறைத் தராசை வேறு வாங்கியாயிற்று. முந்திரி எண்ணியதற்கு அன்றைக்குச் சிரித்தோமே, இந்த அம்மாவைக் கொண்டுபோய் ஆணையத்தில் நிறுத்தினால் எந்தக் கம்பெனி வக்கீல் தாங்குவான் சொல்லு! மூணாவது அப்பளக் கட்டில் ரெண்டு குறைகிறதாம். பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி போன் பண்ணினான். ஏதோ ஒரு நகைக்கடையிலிருந்து அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கிறதாம். அவன் பிறந்தது மாசியில், வாழ்த்து வந்தது இன்றைக்கு. இன்றைக்கு யார் பிறந்தநாள் என்று உனக்குத் தெரியும், காலையில்தான் பால் பாயசம் வைத்தேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, “மாமா வீட்லதான் இருக்காராக்கா?” என்று கேட்டான். அடுத்த ஞாயிறு வருகிறானாம். நீயும் அன்றைக்கே கிளம்பி வா, எனக்கு ஒரு ஆள் துணை வேண்டும்.

உன்
கமலி