ஒரு கிலோ ஆகாயம்

எங்கள் தெருக்கோடி மளிகைக் கடையில், துவரம் பருப்பு நிறுத்து முடித்த தராசின் மேல் ஒரு நாள் அதைத் துணியோடு எடுத்து வைத்தேன். கடைக்காரர் தராசில் ஒளிர்ந்த எண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோ காட்டுது சார், உள்ளே என்ன, பித்தளையா?" என்று கேட்டார். கண்ணாடி என்றேன். கண்ணாடி ஒரு கிலோவா என்றார். நட்சத்திரம் பார்ப்பதற்கு என்று விளக்கினேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் சம்பாஷணையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது வியாபாரிகளுக்கு அனுபவத்தால் தெரிந்திருக்கிறது. வீட்டிலோ, இதை வைத்து இஞ்சி நசுக்கலாம் என்ற அபிப்பிராயம் அது வந்த அன்றைக்கே வெளியாகிவிட்டது.

தொலைநோக்கி என்றால் ஜனங்களுடைய கவனம் முழுவதும் அந்த நீண்ட குழாயின் மீதே செல்கிறது. குழாயின் அடியில் இருக்கும் குழியாடி எங்கோ தொலைவிலிருந்து வரும் ஒளியைச் சேகரித்துக் குவிக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் குவித்ததைக் கண்ணுக்குப் பரிமாறுகிற வேலை, மேலே பக்கவாட்டில் செருகப்படும் சிறு உபகரணம் ஒன்றினுடையது. பாடப் புத்தகங்கள் அதைக் கண்ணருகு வில்லை என்கின்றன. ஆகாயப் பித்துப் பிடித்த எங்கள் கூட்டத்தார் ஐபீஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். விருந்துச் சமையலை வெற்றிலையில் பரிமாறினாற்போல, எத்தனை நல்ல ஆடியாக இருந்தாலும் ஐபீஸ் குறுகியதாக இருந்தால் உள்ளே சேர்ந்த ஐசுவரியத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாமலே போய்விடுகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய ஆடியின் குறுக்களவு 200 மில்லிமீட்டர்; குவியத் தூரம் 1200. அந்த 1200-ஐ ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். தொலைநோக்கியோடு கூடவே வந்தது 25 மில்லிமீட்டர் ஐபீஸ். அது 48 மடங்கு பெருக்கிக் காட்டியது. பிறகு நான் ஒரு நண்பரிடமிருந்து, அவர் உபயோகித்துச் சலித்த பிறகு வாங்கிய இந்தக் குழவிக்கல் 30 மில்லிமீட்டர். இது பெருக்குவது 40 மடங்கே. ஆக, முழுத் தொலைநோக்கியின் கிரயத்துக்கு ஏறக்குறையச் சமமான பணத்தைக் கொடுத்து, கையிலிருந்த உருப்பெருக்கத்தையும் குறைத்துக்கொண்டு வந்தவன் நான் என்று ஏற்படுகிறது. ஆனால் பழையதில் கண்ணை வைத்தால் தோன்றும் வட்டத்தின் அகலம் 50 டிகிரி, இதில் 82. உருப்பெருக்கத்தால் வகுத்துப் பார்த்தால், பழையது ஆகாயத்தில் ஒரு டிகிரி அகலத்தையும் புதியது இரண்டு டிகிரி அகலத்தையும் காட்டுகின்றன. முழு நிலா அரை டிகிரி. அதாவது முன்பு இரண்டு நிலாக்களை வரிசையாக வைக்க இருந்த இடத்தில், இப்போது நான்கை வைக்கலாம். பரப்பில் நான்கு பங்கு.

இந்த எண்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பழைய ஐபீஸில் பார்க்கும்போது, இருட்டுக் கிணற்றின் அடியில் மின்னும் நீர்வட்டத்தைக் குனிந்து பார்ப்பது போலிருக்கும். வட்டமும் தெரியும், வட்டத்தைச் சுற்றிய கிணற்றுச் சுவரும் தெரியும். புதியதில் அந்தச் சுவர் கடைக்கண்ணுக்கும் அப்பால் ஒதுங்கிவிடுகிறது. ஓரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கண்ணை உருட்டித் தேட வேண்டும். குளத்தின் படித்துறையில் வந்து நின்ற உணர்ச்சி ஏற்படுகிறதேயன்றி, ஒரு கருவியின் வழியாகப் பார்க்கிறோம் என்ற நினைவே சில கணங்களுக்கு அற்றுப்போய்விடுகிறது.

தேரோட்டத்தன்று சந்துக்குள் இருக்கும் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? வடம் பிடித்தவர்களின் முதுகுகள், ஒரு சக்கரம், அசையும் தொம்பையின் ஓரம். இவ்வளவும் சந்தின் வாயைக் கடந்து போய்விடும். ரத வீதியின் முனையில் நிற்பவனோ, தேர் வருவதற்கு முன்னுள்ள வெறுமையையும், வருகிற கம்பீரத்தையும், போன பிறகு கலைகிற கூட்டத்தையும் சேர்த்தே பார்க்கிறான். வானமும் ஓடுகிற தேர்தான். பூமியின் சுழற்சியால் நான்கு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் நகர்ந்துகொண்டேயிருக்கிறது. அதைத் தொடர்ந்து ஓட என் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்துகொண்டே அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு தொலைநோக்கிகள் செய்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் அழைத்து நிலாவைக் காட்டிய ஜான் டாப்சன் என்பவரின் முறையில் அமைந்த மரப்பெட்டி அது. கையால் தள்ளினால் திரும்பும், விட்டால் நிற்கும். 120 மடங்கு பெருக்கும் 10 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு ஒரு பொருளைப் பிடித்துவிட்டு, குழந்தையைத் தூக்கி முக்காலியில் நிறுத்தி, "எந்தக் கண்ணால பாக்கணும்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள், ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்று மேலாகிவிடுகிறது, அதற்குள் பொருள் சந்தைக் கடந்திருக்கும். பெரிய ஐபீஸில் அதே பொருள் எட்டு நிமிஷம் வரை உள்ளே இருக்கும். ஒரு குடும்பமே வரிசையில் நின்று பார்த்துவிடலாம்.

அப்படி ஒரு குடும்பம் பார்த்த இரவைச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் என் மைத்துனர் வீடு இருக்கிறது. மார்கழி அமாவாசையை ஒட்டிச் சென்றிருந்தபோது, ஒன்பது மணி சுமாருக்குக் கார்த்திகை உச்சியை நெருங்கிவிட்டது. முதலில் பழைய ஐபீஸைப் போட்டேன். கார்த்திகையின் பிரதான நட்சத்திரங்கள் ஒரு டிகிரி அகலத்துக்குப் பரவியிருப்பவை. ஆகவே அவை அந்த வட்டத்தின் விளிம்போடு விளிம்பாக, நிறைந்த பேருந்தில் நிற்பவர்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. என் மாமியார் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று மரியாதைக்குச் சொன்னார். பிறகு பெரியதை மாற்றிப் போட்டேன். அவர் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. தலை மட்டும் இப்படியும் அப்படியும் மெல்லத் திரும்பியது. அந்த வெண்ணீல நட்சத்திரங்கள் நடுவில் கூடியிருக்க, சுற்றிலும் கரிய வெளி பரந்து, அதில் தூவினாற்போல மங்கிய சிறு நட்சத்திரங்கள் தெரியும் தோற்றம் அது. நிமிர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "முன்னே காட்டினது ஆளை மட்டும் பாத்தாப்பல இருந்துது மாப்பிள்ளே. இது வீடு வாசலோட பாத்தாப்பல இருக்குது."

நான் இந்த ஐபீஸைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்த விமரிசனங்களில் ஒன்றும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. ஒரு கூட்டம் கூட்டமாகத் தெரிவதற்கு, அதைச் சுற்றிக் கூட்டமில்லாத இடமும் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் செல்லும், ஆகாயத்தில் செல்லாது.

இந்தக் கார்த்திகையைத்தான் கலிலியோ தம்முடைய சிறு குழாயால் பார்த்து, வெறுங் கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த இடத்தில் 36 நட்சத்திரங்களை வரைந்து, 1610-ல் வெளியிட்ட புத்தகத்தில் சேர்த்தார். அவருடைய குழாயில் ஒரே பார்வைக்கு முழு நிலாகூட அடங்காது. அதைப்போல இரண்டு பங்கு அகலமுள்ள கார்த்திகையை அவர் துண்டு துண்டாகப் பார்த்து மனத்தில் ஒட்டித்தான் வரைந்திருக்க வேண்டும். என் மாமியாருக்குக் கிடைத்த வீடு வாசல் அந்த மகானுக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் கெப்ளர் குழிவில்லைக்குப் பதில் குவிவில்லையைக் கண்ணருகில் வைக்கச் சொன்னதும், ஹைகன்ஸ் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்ததும், வியன்னா நகரத்துப் ப்ளாஸல் இரட்டை வில்லைகளை எதிரெதிராக நிறுத்தியதும் வட்டத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தினவே தவிர, சந்தை வீதியாக்கிவிடவில்லை. அந்த வேலையைச் செய்தவர், நிலாவில் இறங்குவதற்கு விண்வெளி வீரர்கள் பழகிய பயிற்சிக் கருவிக்கு 1960-களில் கண்ணாடி அமைப்புகள் வகுத்த அமெரிக்கர் ஆல் நாக்லர். ஜன்னலுக்கு வெளியே நிஜமான வெளியைப் பார்க்கிற பிரமையை வீரர்களுக்கு உண்டாக்கிய அனுபவத்தை வைத்துக்கொண்டு, 1977-ல் டெலிவ்யூ என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்து, சில ஆண்டுகளில் 82 டிகிரி ஐபீஸை வெளியிட்டார். சாய்வாக வந்து சேரும் ஓரத்துக் கதிர்களைக் கலையாமல் வளைத்துக் கொடுப்பதற்கு, ஒரு கண்ணாடியின் தோஷத்தை மற்றொரு கண்ணாடி நிவர்த்திக்க, ஆறேழு கண்ணாடிகளை அடுக்க வேண்டியிருக்கிறது; அகலமும் வேண்டும், குவியத் தூரமும் வேண்டும் என்றால் அவை ஒவ்வொன்றும் பெருத்துவிடுகின்றன. ஒரு கிலோவின் ரகசியம் அதுதான்.

அந்த ஒரு கிலோ என்னை அவமானப்படுத்தாமலும் விடவில்லை. முதல் இரவு, கிழக்கே தாழ்வாக எழுந்துகொண்டிருந்த ஓரியனை நோக்கிக் குழாயைச் சாய்த்து, பெரியதைச் செருகி, கையை எடுத்தேன். குழாய், பெரியவர்களைக் கண்ட மருமகளைப் போலத் தலையைக் குனிந்து, தென்னை மரத்தின் அடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மறுபடி நிமிர்த்தினேன், மறுபடி குனிந்தது. மறுநாள் மளிகைக் கடைக்கே போனேன். மின் தராசு வந்த பிறகு வேலையற்று மூலையில் கிடந்த இரும்புப் படிக்கற்களில் இரண்டு கிலோவுக்கு வாங்கி வந்து, பழைய சைக்கிள் டியூபால் குழாயின் அடிப்பக்கம் இறுக்கிக் கட்டினேன். சுழலும் அச்சுக்கு அடிப்பாகம் கிட்டத்தில் இருப்பதால், மேலே ஒன்றுக்குக் கீழே இரண்டு தேவைப்பட்டது. அன்று முதல் சொன்ன இடத்தில் நிற்கிறது. கடைக்காரர் காசு வாங்கவில்லை.

ஓரியனின் இடைக்கச்சுக்குக் கீழே தொங்கும் வாள், மேலிருந்து கீழ்வரை ஒன்றரை டிகிரி நீளம். அது முழுவதும் இந்த வட்டத்துக்குள் அடங்குகிறது. வழக்கமாக நடுவிலுள்ள ஒளிமேகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், மேலேயுள்ள சிறு கொத்தும் கீழேயுள்ள பிரகாசமான நட்சத்திரமும் அதனோடு ஒரே குடும்பமாக நிற்பதைக் கண்டு கொஞ்சம் திகைக்கிறார்கள். கோடையில் தனுசு ராசிப் பக்கம் திருப்பினால் லகூன், டிரிஃபிட் என்னும் இரண்டு மேகங்களும் ஒருங்கே தரிசனம் தரும். ஆண்ட்ரோமீடா அடங்காது, அதன் மங்கிய சிறகுகள் மூன்று டிகிரிக்கு நீள்கின்றன.

குறைகளை மறைத்துப் பேசுவது விற்பவர்களின் தர்மம். எனக்கு அது வேண்டியதில்லை. ஓரத்திலுள்ள நட்சத்திரங்கள் வால் முளைத்துக் குருவிகளைப் போலத் தெரிகின்றன. இது ஐபீஸின் தோஷமல்ல, என் ஆடியின் தோஷம். சனிக்கிரகத்தை இதில் பார்த்தால் வளையம் பூட்டிய கடுகுதான். ஊர் விளக்குகளின் நடுவே பின்னணி சாம்பல் நிறமாக வெளுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. மற்றொன்று, இந்த ஐபீஸிலிருந்து வெளிப்படும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டர். வாலிபத்தில் இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணி, வயது ஏற ஏறச் சுருங்கி ஐந்தளவில் நின்றுவிடுகிறது என்கிறார்கள். இளைஞர்களுக்கு இதைவிட அகலமான கற்றையும் உதவும். எனக்கு இது, தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை.

மைத்துனர் வீடு இருக்கும் அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986 முதல் வேலை செய்துவரும், வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் ஆடியின் காரியம், ஆகாயத்தின் சின்னஞ்சிறு துணுக்கை எடுத்துக்கொண்டு துருவித் துருவி ஆராய்வது. விஞ்ஞானத்துக்கு அது வேண்டும். அதற்கு நான் நமஸ்காரம் செய்கிறேன். மொட்டை மாடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு வேண்டியது வேறு.

தை அமாவாசைக்கும் மைத்துனர் வீட்டில்தான் இருப்பேன். கார்த்திகை அப்போது இருட்டியவுடனேயே உயரத்தில் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஓரியனும் வசதியான உயரத்துக்கு வந்துவிடும். பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். சால்வை கொண்டு வர வேண்டும், பனி கடுமை. ஐபீஸின் மேல் மூச்சு விடக்கூடாது, மங்கிவிடும். மங்கினால் வேட்டி நுனியால் துடைக்கவும் கூடாது. கடைசியாக ஒரு வேண்டுகோள்: சென்ற முறை மைத்துனரின் மகள் ஆசையோடு கண்ணை அழுத்தி வைத்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு, கார்த்திகைக்கு நடுவே அரை நிலா அளவுக்குக் கறுப்பாக ஒரு புது மேகம் தெரிந்தது, பஞ்சும் திரவமுமாக அதைப் போக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. ஆகவே, வருகிறவர்கள் தயவுசெய்து கண்ணுக்கு மை இட்டுக்கொள்ளாமல் வரவும்.