நிறுத்தத் தெரிந்த கை

தூத்துக்குடி மக்ரூனில் சேர்வது மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு. மாவு இல்லை, வெண்ணெய் இல்லை, சோடா உப்பு இல்லை. மூன்று பொருளில் முடிகிற பண்டத்தைச் செய்வது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பட்டறைகளுக்குள் நின்று பார்த்தபின் எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பொருள் குறையக் குறைய, தவறை மறைக்கும் இடமும் குறைகிறது. குழம்பில் உப்புக் கூடினால் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். மக்ரூனில் அப்படிப் போட்டுச் சரிக்கட்ட எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் திறமை அளவுகளில் இல்லை. இத்தனை வெள்ளைக்கருவுக்கு இவ்வளவு சீனி என்பதைப் புதிதாக வந்த பையன் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவான். நடக்கிற வேலையை எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதுதான் அவனுக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபடாதது.

வெள்ளைக்கரு என்பது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். அடிக்க அடிக்கச் சுருண்டு கிடக்கும் புரத இழைகள் விரிந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிகின்றன. போதாமல் அடித்தால் நுரை நிற்காது. மிஞ்சி அடித்தால் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிவிடும். நுரை பஞ்சு பஞ்சாகத் திரிந்து அடியில் நீர் கசியும். திரிந்ததைத் திரும்ப ஒன்றுகூட்ட வழியில்லை. சீனியை முதலிலேயே கொட்டினால் நுரை எழும்பத் தாமதமாகும். கடைசியில் கொட்டினால் கரையாமல் மணல்போல் நெருநெருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நுரையின் நிறம் மாறுகிறது. சோப்பு நுரையின் வெறும் வெளுப்பு போய், பீங்கான் கிண்ணத்தின் பளபளப்பு வருகிறது. மாஸ்டர் அடிப்பானைத் தூக்கிப் பார்க்கிறார். அதன் நுனியில் நிற்கும் கூம்பு சரியாமல் நின்றால் சுவிட்சை அணைக்கிறார். அந்தக் கூம்பு நிற்கும் நேரம் எல்லா நாளும் ஒன்றல்ல. முட்டை பழையதா புதிதா என்பதைப் பொறுத்து மாறும். அன்றைய வெக்கையைப் பொறுத்தும் மாறும்.

இதைவிடக் கடினமான கட்டம் முந்திரியில் இருக்கிறது. நுரைக்குப் பகை கொழுப்பு. உடைக்கும்போது ஒரு துளி மஞ்சள் கரு வெள்ளையில் விழுந்தாலும் நுரை ஏமாற்றிவிடும் என்பதால், முட்டை பிரிப்பவர் ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்க்கிறார். இப்படிப் பொத்திப் பொத்தி எழுப்பிய நுரைக்குள்தான், எடையில் பாதிக்குச் சற்றே குறைவாக எண்ணெய் கொண்ட முந்திரியைக் கொட்ட வேண்டியிருக்கிறது. பகையைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்காரவைப்பது போன்ற வேலை இது. வழி ஒன்றுதான்: முந்திரியின் எண்ணெய் முந்திரிக்குள்ளேயே இருக்க வேண்டும். பொடி உதிரியாக, விரலிடுக்கில் வழுக்காமல் இருக்கும்போதே அரைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் நாலு சுற்று சுற்றினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். அந்த விழுது நுரையை நிமிடத்தில் படுக்கவைத்துவிடும். கலப்பதும் அப்படியே. கையை அடிவரை விட்டு மேலே புரட்டி, மறுபடி அடிவரை விட்டு, பொடி வெள்ளையாகத் தெரிவது மறைந்ததும் கை வெளியே வந்துவிடுகிறது. பிறகு ஒருபிடி அள்ளி, முஷ்டியின் மேல்வாயில் பிதுக்கி, தாள் விரித்த தட்டில் விட்டு, கையை மேலே வெடுக்கென்று இழுக்கிறார்கள். மக்ரூனின் அந்தக் கூர்முனை, கை பிரிந்த கணத்தின் தடம்.

இதெல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியதுதானே, இதற்கு எதற்குத் தொழிலாளியின் மேன்மை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் ஏஞ்சல் ஃபுட் கேக் என்று ஒன்று உண்டு. அதுவும் வெள்ளைக்கருவின் பிள்ளைதான்: ஒரு டஜன் முட்டையின் வெள்ளை, சீனி, கொஞ்சம் மைதா, வெண்ணெயும் இல்லை, மஞ்சள் கருவும் இல்லை. 1896-இல் ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட பாஸ்டன் சமையல் புத்தகத்திலேயே அதன் செய்முறை இருக்கிறது. வீட்டுச் சமையலறையில் நன்றாகவே வருகிறது. ஆனால் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். 1870-களில் கைப்பிடி சுழற்றும் முட்டை அடிப்பான் அங்கே வீடுகளுக்குள் வந்தது. கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூளை ஒரு சிட்டிகை சேர்த்தால், நுரை கொஞ்சம் மிஞ்சி அடிபட்டாலும் தாங்கிக்கொள்ளும். நடுவே குழாய் வைத்த பாத்திரம் சூட்டை நடுமையம்வரை கொண்டுபோகிறது. பாத்திரத்தில் எண்ணெய் தடவாததால் கேக் அதன் சுவரைப் பற்றி ஏறுகிறது. வெந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைப்பதால் தன் பாரத்தில் தானே அமுங்கிவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கற்றதைப் பாத்திரத்திலும் தூளிலும் பழக்கத்திலும் இறக்கிவைத்துவிட்டார்கள். வீட்டில் செய்பவர் அந்த முன்னோர் அறிவின் மேல் நிற்கிறார். மக்ரூனுக்கு அப்படி ஒரு துணைக்கருவி இல்லை. அந்த அறிவு முழுவதும் இன்னும் ஆளிடமே இருக்கிறது. வீட்டில் ஒரு கேக் அமுங்கினால் அன்று ஒரு கேக் போயிற்று. பட்டறையில் ஒரு அடிப்பு திரிந்தால் தட்டுத் தட்டாக முந்திரி போகிறது.

இயந்திரம் வந்த பிறகு கைத்திறனைப் பேசுவது பழம்பெருமை என்று இன்னொரு மறுப்பு. அடிப்பது இப்போது மோட்டார்தான். அதை நான் மனமாரவே வரவேற்கிறேன். கையால் அடித்த காலத்தில் தேய்ந்த தோள்கள் எத்தனையோ. விறகு அடுப்பின் புகைக்கும் அனலுக்கும் வக்காலத்து வாங்கவும் மாட்டேன். மின்அடுப்பு வந்தால் நல்லதே. ஆனால் மோட்டாருக்கு அடிக்கத்தான் தெரியும். நுரையின் பளபளப்பைப் பார்த்து அது தானே நிற்பதில்லை. உடலுழைப்பு குறைந்தது, தீர்ப்பு அப்படியே ஆளிடம் நிற்கிறது. கூலி பேசும்போது மட்டும் எடை தூக்குவதையும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, இந்தத் தீர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. மக்ரூனின் விலையை முந்திரி விலை வைத்து விளக்குகிறோம். முந்திரியை வீணாக்காத கையை வைத்து யாரும் விளக்குவதில்லை.

இது போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதானே என்பவர்களும் உண்டு. 1530-களிலேயே அவர்கள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்கள்; மக்ரூன் என்ற பெயரும் ஐரோப்பியப் பெயர்தான்; முந்திரி மரமே அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர் ரொட்டி அடுப்பைப் போறணை என்று சொல்வதும் அவர்களுடைய சொல்லிலிருந்து பிறந்ததே. இருக்கட்டும். ஐரோப்பிய மக்ரூன் பாதாமில் செய்வது. பருப்பு மாறியபோது அரைப்பதை நிறுத்தும் இடமும் மாறியது, வேகவிடும் நேரமும் மாறியது. அந்தப் புதிய இடங்களை இந்த ஊர்க் கைகள்தான் தேடிக் கண்டன, அதுவும் உப்பளக் காற்று வீசும் கடலோரத்தில். சீனி ஈரத்தை இழுப்பது. மக்ரூனை வேகவைப்பது என்பதைவிட மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்துவது என்றுதான் சொல்ல வேண்டும். சூடு ஏறினால் வெளியே சிவந்து உள்ளே பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த உலர்த்தல் நீள்கிறது. எவ்வளவு நீள வேண்டும் என்பதற்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. மாஸ்டர் ஒரு தட்டை வெளியே இழுத்து, ஓரத்து மக்ரூன் ஒன்றைத் தாளிலிருந்து பெயர்க்கிறார். அடி சுத்தமாகப் பிரிகிறதா என்று பார்க்கிறார். பிறகு இரண்டாக உடைத்துக் காதருகே வைத்துக் கேட்கிறார். சத்தம் போதவில்லை என்றால் தட்டு மறுபடி உள்ளே போகிறது.