தட்டினால் ஏறும் கணக்கு

பிரிண்டரிலிருந்து லேத் வரைக்கும், சுத்துற எதையும் அளக்கணும்னா என்கோடர்தான். ஏ, பின்னு ரெண்டு ஒயர். ரெண்டும் பூஜ்யம்-ஒண்ணுன்னு மாறிக்கிட்டே இருக்கும், ஆனா பி கால் சுழற்சி பிந்தி வரும். முன்னாடி சுத்தினா 00, 10, 11, 01. பின்னாடின்னா இதே வரிசை தலைகீழா. இவ்வளவுதானேன்னு தோணும். இதைத் தப்பா எண்ணினா ஒருத்தர் சம்பளம் குறையும்னு இங்க புனேக்கு வந்தப்புறம்தான் பார்த்தேன்.

போசரியில ஒரு சின்னப் பட்டறை. பிளாஸ்டிக் தாளை 500 மி.மீ. துண்டா வெட்டுற மெஷின். பெரும்பாலும் சரியா வரும். நடுநடுவுல சில துண்டு 2, 3 மி.மீ. குறையும். எப்பவுமே குறைஞ்சா மெஷினைச் சந்தேகப்படுவாங்க. எப்பவாவது குறைஞ்சா? ஆள்தான் மாட்டுவார். ஓட்டுறவர் வயசான மராட்டிக்காரர், எல்லாருக்கும் காகா. தாளை ஒழுங்காப் பிடிக்கலைன்னு சொல்லி, வீணானதுக்குக் கூலியில பிடிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. தெரிஞ்சவர் கூப்பிட்டார்னு ஒரு ஞாயித்துக்கிழமை போனேன்.

உருளையோட சுற்றளவு 200 மி.மீ., என்கோடர் சுத்துக்கு 1000 பல்ஸ். அதாவது பல்ஸுக்கு 0.2 மி.மீ. யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராம், ஏ எழும்போது மட்டும் பார்க்கும்: பி பூஜ்யம்னா ஒண்ணு கூட்டு, இல்லைன்னா கழி. ஏ இறங்குறதைக் கண்டுக்காது. ஓடும்போது இது போதும். நிக்கும்போதுதான் வம்பு.

உருளையை மெதுவா உருட்டி, எண் மாறுற இடத்துல நிறுத்தி, மெஷின் சட்டத்தைக் கையால தட்டினேன். உருளை நகரல. எண் மட்டும் ஏறிக்கிட்டே இருந்தது! அதிர்வுல ஏ எழுந்து இறங்கி எழுந்து... ஒவ்வொரு எழுச்சிக்கும் ஒண்ணு. பிளேடு விழற அதிர்ச்சியும் இதையேதான் செஞ்சது. 15 பொய்ப் பல்ஸ் சேர்ந்தா அடுத்த துண்டு 3 மி.மீ. குட்டை. உருளை சரியா அந்த விளிம்புல நின்னாத்தான் நடக்கும், அதான் எப்பவாவது. காகா பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "நான் சொன்னேன்ல சாப்"னார். அவ்வளவுதான்.

மருந்து ரொம்பப் பழசு. ஏ, பி ரெண்டோட எல்லா மாற்றத்தையும் பார்க்கணும். பழைய நிலை நாலு, புது நிலை நாலு; மொத்தம் 16 கட்டம் உள்ள ஒரு அட்டவணை. 4 கட்டத்துக்குக் கூட்டு, 4-க்குக் கழி, 4 மாற்றமில்லை, மிச்சம் 4 நடக்கவே கூடாதது. இப்ப அதிர்ந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு கழியும், கணக்கு நிக்கும். போனஸா சுத்துக்கு 4000 எண்ணிக்கை. கூலிப் பிடித்தம் அடுத்த வாரமே நின்னது. ஏற்கனவே பிடிச்சது திரும்ப வரல.

செய்யப் போறவங்களுக்கு மூணு விஷயம். அந்த "நடக்கவே கூடாத" நாலையும் தனியா எண்ணி வைங்க; அது ஏறினா உங்க சிப் வேகத்துக்கு ஈடுகொடுக்கலைன்னு அர்த்தம். நிமிஷத்துக்கு 600 சுத்துன்னா 25 மைக்ரோசெகண்டுக்கு ஒரு மாற்றம். அதுக்கு எஸ்டிஎம்32 மாதிரி டைமரே என்கோடரைப் படிக்கிற சிப் நல்லது. ஆர்டுயினோ ஊனோ மாதிரி 8 பிட்டுன்னா, எண்ணிக்கையைப் படிக்கிற அந்த நொடி இன்டரப்டை நிறுத்திட்டுப் படிங்க. இல்லைன்னா பாதி பழசு, பாதி புதுசு வரும். மூணாவது, சுத்துக்கு ஒரு தடவை வர்ற இசட் பல்ஸ் இருந்தா, ரெண்டு இசட்டுக்கு நடுவுல 4000 வருதான்னு பாருங்க.

இசட் இல்லையா? ஆளைத் திட்டுறதுக்கு முன்னாடி சட்டத்தை ஒரு தட்டு தட்டிப் பாருங்க. காசு செலவில்லை :-)