'உன்னிடத்தில்' என்ற ஒரு சொல்

பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது எனும் இறைவசனத்தை (17:23) மதரஸாவில் பல்லாண்டுகள் கற்பித்துள்ளோம். முதுமையில் அவர்கள் 'உன்னிடத்தில்' இருப்பதைப் பற்றியே அது பேசுகிறது. குளியலறையில் இருமுறை விழுந்த உம்மாவைப் பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை முதியோர் இல்லத்திற்கு அழைத்துச் சென்ற அன்று, அச்சொல் எம்மைச் சுட்டது. பகலில் எம் வீட்டில் ஆளில்லை. உம்மாவே கேட்டதுதான்; ஆயினும் வெட்கம் விடவில்லை.

அறையில் கிப்லாவைக் காட்டி, ஒளுச் செய்ய நாற்காலி இட்டோம். "அஸர் தொழுதுட்டு வருவியா வாப்பா?" என்றார்.

ஒருநாள் தவறினோம். மஃரிப் வரை வாசலிலேயே அமர்ந்திருந்தாராம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளையிடமிருந்து பணத்தைப் பெற்றுத் தரும். அருகிருப்பைப் பெற்றுத் தராது. நாள்தோறும் சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்கிறோம். தாமிரபரணியின் மறுகரையும் 'எம்மிடம்' ஆக வேண்டுமெனில், நாம்தான் செல்ல வேண்டும். அல்லாஹ் எம் குறைகளை மன்னிப்பானாக, ஆமீன்.