நாலு நெத்துக்கு ஒரு லைசென்ஸ்

போன வருஷம் அக்கா பையனோட வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு மலேசியா போயிருந்தேன். கிள்ளான்ல ரோட்டோரக் கடையில இளநீர் வெட்டிக் கொடுத்தாங்க. வாயில வச்சதும் ஒரு வாசனை. நம்ம பக்கம் பிரியாணியில போடுற ரம்பை இலை இருக்கே, அதே வாசனை. ஏதோ எசன்ஸ் கலந்திருக்காங்கன்னு நெனச்சேன். இல்லையாம், மரமே அப்படித்தானாம். குட்டை மரம். பாண்டான் தென்னைன்னு சொன்னாங்க.

என் தோப்புக் காய் முழுக்க மாமல்லபுரத்துல இளநீர் விக்கிறவங்களுக்குத்தான் போகுது. கோயில் பாக்க வர்ற வெள்ளைக்காரனும், ஈ.சி.ஆர். ரிசார்ட்டுல தங்குறவனும் இந்த இளநீரைக் குடிச்சா விடுவானா? பிளேன்ல உக்காந்தபடியே பத்து மரத்துக்குக் கணக்குப் போட்டுட்டேன்.

"மாமா, பொங்கலுக்கு வர்றப்ப முளைச்ச நெத்து நாலு பெட்டியில போட்டு எடுத்துட்டு வரேன். யாரு பாக்கப் போறா?"ன்னான் பையன். சரின்னுதான் தலையாட்டினேன். ஊருக்கு வந்ததும் மனசு கேக்கல. முறையா கொண்டு வர வழி இருக்கான்னு விசாரிக்கலாம்னு செங்கல்பட்டுல மின்சார ரயில் ஏறி மீனம்பாக்கம் போனேன். அங்க பிளாண்ட் குவாரன்டைன் ஆபீஸ் இருக்கு. கொரோனாவுல நம்மள வீட்டுல அடைச்சு வச்சாங்களே, அந்தக் குவாரன்டைன் செடி கொடிக்கு எப்பவுமே உண்டு. சட்டம் 1914-ல வெள்ளைக்காரன் போட்டது. இப்ப நடைமுறையில இருக்கிற உத்தரவு 2003-ல வந்தது.

அங்க இருந்த அதிகாரி பொறுமையாத்தான் சொன்னார். நடுறதுக்குன்னு ஒரு விதையோ கன்னோ வெளிநாட்டுலேர்ந்து வரணும்னா, காய் கிளம்புறதுக்கு முன்னாடியே இங்க இறக்குமதி அனுமதி வாங்கணும். அந்த நாட்டு வேளாண்மைத் துறை சோதிச்சு, பூச்சி நோய் இல்லன்னு சான்றிதழ் தரணும். வேர்ல மண் ஒட்டியிருக்கக் கூடாது. தென்னைங்கிறதால காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தோட பரிந்துரையும் வேணும். வந்த பிறகும் தோப்புல நட்டுட முடியாது. தனியா ஒரு இடத்துல வளர்த்து, அவங்க வந்து பாத்து சரின்னு சொல்லணும். பிலிப்பைன்ஸ் மாதிரி சில நாட்டுலேர்ந்து தென்னை நெத்தே வரக்கூடாதாம். அங்க கடாங்-கடாங்னு ஒரு நோய் கோடிக்கணக்கான மரத்தைக் கொன்னிருக்கு. மருந்தே கிடையாது.

நாலு தேங்காய்க்கு இவ்வளவான்னு எரிச்சலாத்தான் இருந்துச்சு. நம்ம கடற்கரை முழுக்க நிக்கிற சவுக்கு எந்த லைசென்ஸ் வாங்கிட்டு வந்துச்சு? சீமைக் கருவேலம்? பேர்லயே சீமைன்னு இருக்கு. அது ஏரியைத் தின்னது போதாதா? ரயில்ல வரும்போது இப்படி எனக்குள்ளயே வாதாடிட்டு வந்தேன்.

சாயங்காலம் தோப்புக்குப் போனேன். மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி கருப்பு. சுருள் வெள்ளை ஈ. தோப்பு வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் அழுவாங்க. ஓலைக்கு அடியில சுருள் சுருளா முட்டை வச்சு, சாறு குடிச்சு, தேன் மாதிரி ஒழுகவிடும். அது கீழ் ஓலையில விழுந்து கரும்பூசணம் பிடிக்கும். 2004-ல நடு அமெரிக்காவுல பெலீஸ் நாட்டுல இந்தப் பூச்சிக்குப் பேர் வச்சிருக்காங்க. 2009-ல ஃபுளோரிடா. 2016-ல நம்ம பொள்ளாச்சி. ஒரு அரிசி நீளம்கூட இல்லாத ஈ அவ்வளவு கடலைத் தாண்டிப் பறந்தா வந்திருக்கும்? யாரோ ஆசைப்பட்டுக் கொண்டு வந்த ஏதோ ஒரு செடியில, இலைக்கு அடியில உக்காந்துதான் வந்திருக்கணும். அவரும் "யாரு பாக்கப் போறா"ன்னுதான் நெனச்சிருப்பார்.

மருந்து அடிச்சா அந்த ஈயைத் தின்னுற நல்ல பூச்சியும் செத்துடும்னு அடிக்கக் கூடாதுங்கிறாங்க. விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் அட்டை கட்டினேன். மைதாவைக் கஞ்சியா காய்ச்சி மோட்டார் வச்சு ஓலைக்கு அடிச்சேன். வீட்டுக்காரி சிரிச்சா, "மனுஷனுக்குப் பரோட்டா, மரத்துக்கும் மைதாவா?"ன்னு. கஞ்சி காஞ்சு உதிரும்போது கருப்பும் கூடவே உதிரும், அதுக்குத்தான். ரெண்டு வருஷமா காய் சிறுத்துக் கிடக்கு.

அன்னைக்கு ராத்திரியே பையனுக்குப் போன் பண்ணினேன். "வேணாம்பா, நெத்து கொண்டு வராதே." அவனுக்கு ஒண்ணும் புரியல. பொங்கலுக்கு வந்தவன் பெட்டியைத் திறந்தா, துணிக்கு நடுவுல ஒரு நெத்து! நாலு வேணாம்னு சொன்னதால ஒண்ணு கொண்டாந்தானாம். பச்சையா முளை விட்டிருந்துச்சு. மூந்து பாத்தா லேசா அந்த வாசனை. எனக்குக் கை நடுங்கிடுச்சு. நட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணினது நிஜம்.

அடுப்பு எரிச்சுட்டிருந்தாங்க. அதுலயே போட்டேன். அக்கா பாத்துட்டே இருந்தா. "தாய்மாமனுக்குன்னு பிள்ளை ஆசையா கொண்டாந்ததை நெருப்புல போடுவியா?"ன்னு கேட்டவ, கனுப் பொங்கலுக்குக்கூட என்கிட்ட பேசல.

அடுத்த மழைக்குப் பத்து சாவக்காடு ஆரஞ்சு குட்டை வைக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். இளநீருக்கு நல்லாதான் இருக்கும். வாசனைதான் இருக்காது.