சுண்ணாம்பு கேட்ட சுனை

நோர்வேக்கு வந்த முதல் இரவில் விடுதிக் குளியலறைக்குள் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன். 1987ஆம் ஆண்டு, ஆவணி மாதம். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகவில்லை. தோல் வழுவழுவென்றே இருந்தது. அடுத்தநாள் வேறொரு சவர்க்காரம் வாங்கினேன். அதுவும் அப்படித்தான். தண்ணீர்தான் வேறு என்று விளங்கச் சில மாதங்கள் ஆயின.

வலிகாமத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. நுரைத்தாலும் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவிடும். அம்மாவின் கேத்திலுக்குள் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துகிடக்கும்; தேசிக்காய் பிழிந்து கொதிக்கவைத்துக் கழற்றுவார். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கிற நிலம். பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அதன் ருசியோடு கிணறுகளில் ஊறுகிறது. நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல் தந்தவை. நோர்வேயின் தென்பகுதியோ பெரும்பாலும் கருங்கல்லும் அதன் இனத்துப் பாறைகளும். அவை இலகுவில் கரைவதில்லை. கிறிஸ்தியான்சான்ட் நகரில் நான் வாங்கிய முதல் கேத்தில், வருடங்கள் போனபின்னும் உள்ளே பளபளவென்றே இருந்தது.

அந்தப் பளபளப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை ஒரு சின்ன மலைக்குளத்தில்தான் கண்டேன்.

என்னை அங்கே முதலில் கூட்டிப்போனவர், என்னோடு ஒரே ஆலையில் வேலை செய்த பெரியவர். நோர்வேஜிய மொழியில் சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே ‘நீ’தான். ஆனால் என் மனதுக்குள் அவர் எப்போதும் ‘ஐயா’. சேத்தெஸ்டால் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1989ஆம் ஆண்டு கோடைவிடுமுறையில், “என்ர ஊரைப் பார்க்க வா” என்று தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். 9ஆம் இலக்க வீதி ஒத்ரா ஆற்றை ஒட்டி வடக்கே ஏறுகிறது. பிக்லான்ட்ஸ்ஃபியோர்ட் என்ற நீண்ட ஏரியைக் கடந்ததும் இருபுறமும் மலைச்சுவர்கள் நெருங்கி வந்தன. பிறகு மேற்கே, குளிர்காலம் முழுவதும் பனி மூடி அடைத்துவைத்திருக்கும் மலைப்பாதை. ஓரிடத்தில் காரை விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் நடந்தோம். பேர்ச் மரங்கள் இடுப்பளவாகக் குறுகிப் பிறகு இல்லாமலே போயின. ஊதா நிறத்தில் பூத்த சிறு புதர்கள், சதுப்பில் பஞ்சுத் தலையாட்டும் புல், எங்கோ ஒரு செம்மறியின் கழுத்துமணி. கடைசி மேட்டில் ஏறியபோது, கல்லுக்குள் பதித்த கண்ணாடித் துண்டுபோல அது கிடந்தது. சுற்றிவர அரைமணித்தியாலம் போதும்.

குளம், ஏரி, மடு, கேணி, பொய்கை என்று எத்தனையோ சொற்களோடு வளர்ந்தவன் நான். ‘சுனை’ என்ற சொல்லுக்கு மட்டும் ஊரில் நான் பொருளைக் கண்டதில்லை. மலையில்லாத ஊரில் சுனை ஏது? அன்றைக்குத்தான் கண்டேன்.

அதன் தெளிவை எப்படிச் சொல்வது! நான்கைந்து ஆள் ஆழத்தில் கிடந்த கல்லை எண்ணலாம். கையால் அள்ளிக் குடித்தேன். இவ்வளவு சுத்தமான தண்ணீரை என் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொன்னேன்.

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதுக்குள்ள ஒரு மீன் இல்லை” என்றார்.

அவருடைய இளவயதில் அங்கே ட்ரவுட் மீன் நிறைந்து கிடந்ததாம். 1960களில் வலையில் சின்ன மீன் படுவது நின்றது. பெரியவை மட்டும், முன்னைவிடக் கொழுத்து, வந்தன. ஊரில் சிலர் அதைக் கண்டு சந்தோஷப்பட்டார்களாம். உண்மையில் முட்டைகள் பொரிக்காமல் போய்க்கொண்டிருந்தன. எஞ்சிய கிழங்கள் பங்கு கேட்க ஆளில்லாமல் தின்று கொழுத்தன. ஒரு கோடையில் அவையும் இல்லை.

காரணம் மழை. பிரித்தானியாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகை, தங்கள் ஊரில் படியாதிருக்க உயர்த்திக் கட்டிய புகைபோக்கிகளால் மேலே ஏறி, காற்றோடு வட கடலைத் தாண்டி, அமில மழையாக இந்த மலைகளில் இறங்கியது. ஆல்ஃப் டன்னெவிக் என்ற நோர்வேஜிய மீன் ஆய்வாளர் 1959இலேயே மழைக்கும் மீன் அழிவுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். 1967இல் சுவீடனின் ஸ்வான்தே ஓடேன் அதை ஐரோப்பா முழுவதற்குமான பிரச்சினையாகப் பத்திரிகையில் எழுதியபிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

அதே அமில மழை எங்கள் குடாநாட்டில் பெய்திருந்தால், சுண்ணாம்புக் கல் அதை வாங்கி அடக்கியிருக்கும். கருங்கல்லால் அது முடியாது. அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்துக் குளத்துக்குக் கொண்டுவந்தது. அது மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைத்தது. பனி உருகும் வசந்தத்தில், குளிர்காலம் முழுவதும் சேர்ந்த அமிலம் ஒரேயடியாக இறங்கும். அதுவே குஞ்சுகள் வெளிவரும் காலம். தெற்கு நோர்வேயில் ஆயிரக்கணக்கான குளங்கள் இப்படி மீனை இழந்தன. நுண்ணுயிர்கள் குறைந்து, தண்ணீருக்கு நிறம் கொடுத்தவை அடியில் படிய, குளங்கள் மேலும் மேலும் தெளிந்தன. நான் வியந்து குடித்த தெளிவு அதுதான்.

நாடுகள் கூடிப் பேசின. 1979இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. 1985இல் ஹெல்சிங்கியில் கந்தகப் புகையை 30 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். பிரித்தானியா அப்போது கையெழுத்திடவில்லை. பேச்சு நடக்க நடக்க மலையில் குளங்கள் காத்திருக்க முடியாதே. அதனால் அரசும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கின: குளங்களுக்குச் சுண்ணாம்பு போடுவது.

இதைப் பெரியவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. எங்களுக்குச் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்கு, வெள்ளையடிக்க, சூளையில் சுட்டுக் கட்டடத்துக்கு. காங்கேசன்துறையில் சீமெந்துக்காக வெட்டி வெட்டியே பெரும் பள்ளங்களாக்கிய கல். இந்த மலையில் அதை மருந்தைப்போல அளந்து, ஹெலிகொப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து தூவினார்கள். 1990களின் தொடக்கத்தில் எங்கள் சுனைக்கும் அது வந்தது. சில வருடங்களில் மீன்குஞ்சுகளையும் கொண்டுவந்து விட்டார்கள்.

“வெளியிலிருந்து கொண்டுவந்த மீன்தானே இப்ப இருக்கு” என்று ஒருமுறை சற்றுக் கவலையோடு கேட்டேன். பெரியவர் சிரித்தார். நீர்வீழ்ச்சிக்கு மேலே மீன் தானாக எப்படி ஏறும்? இந்த மலைக்குளங்கள் பலவற்றில் ஆதியிலேயே மீனைச் சுமந்துவந்து விட்டவர்கள் மனிதர்கள்தானாம். கிட்டத்தட்ட 1000 வருடப் பழமையான ரூன் எழுத்துக் கல்வெட்டு ஒன்று இந்த நாட்டில் உண்டு. எய்லிவ் எல்க் என்பவர் ரவுட்ஷோ என்ற குளத்துக்கு மீன் சுமந்துபோனார் என்பதே அதன் செய்தி. போர் வென்றதையும் கோயில் கட்டியதையும் கல்லில் பொறித்த நாட்டிலிருந்து வந்தவன் நான். மீன் சுமந்ததைக் கல்லில் பொறித்த மனிதர்களை அன்று மனதால் கும்பிட்டேன்.

என் சொந்தக் கிணற்றையும் சொல்லவேண்டும். 1990இல் அம்மாவும் அப்பாவும் போரினால் இடம்பெயர்ந்த பிறகு, மிக நீண்ட காலம் எங்கள் காணிக்குள் யாரும் கால்வைக்க முடியவில்லை. கடைசியில் போய்ப் பார்த்தபோது கிணற்றுச் சுவரில் ஆலங்கன்று வேர்விட்டிருந்தது. தண்ணீர் இருந்தது, பச்சையாக, அசையாமல். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று அப்பா சொல்வார். சுண்ணாம்புக் கல்லின் மேலிருந்தும், மனிதக் கை படாததால் அந்தத் தண்ணீர் கெட்டுக்கிடந்தது. இங்கோ, கல் கொடுக்க மறுத்ததை மனிதக் கை கொண்டுவந்து கொடுத்ததால் ஒரு சுனை பிழைத்திருக்கிறது. என் வாழ்க்கையின் இரண்டு தண்ணீரும் எனக்குச் சொன்னது ஒன்றைத்தான்: ஆள் பார்க்காத நீர் நிலைக்காது.

கந்தகப் புகை இப்போது பெருமளவு குறைந்துவிட்டது. ஆனாலும் பல்லாண்டு மழை கழுவிக்கொண்டுபோனதை இந்த மெலிந்த மண்ணால் விரைவில் திரும்பச் சேர்க்க முடியாது. அதனால் பராமரிப்பு நிற்கவில்லை. அனுமதி பெற்ற ஊர் மீன்பிடிச் சங்கத்தோடு சேர்ந்து, சுனைக்குள் இறங்கும் ஓடையில் கடற்சிப்பி மணல் போட நானும் போவேன். மீன் முட்டையிடுவது அந்த ஓடையின் கூழாங்கற்களுக்கு இடையில்தான். சிப்பித் தூள் மெல்லக் கரைந்து முட்டைகளைக் காக்கும். முதுகில் 20 கிலோ மூட்டையோடு அந்த மேட்டில் ஏறும்போது முழங்கால் நோகும். ஆனால் அந்த மூட்டைக்குள் கடற்கரை இருக்கிறது. ஊரில் காலில் குத்திய அதே வெள்ளைச் சிப்பித் துண்டுகள், 900 மீற்றருக்கு மேலே, என் கையிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குள் விழும்.

சுனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த ஊரில் நல்ல மீன்குளத்தையும், மஞ்சள் மலைப்பழம் பழுக்கும் சதுப்பையும் வெளியாருக்குச் சொல்வதில்லை. பெரியவர் எனக்குச் சொன்னார். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

அவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். மேட்டில் ஏற முடியாது. போன ஆவணியில் மகளோடு போனேன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் இருந்தபோது, ஓடைக்கரையிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

“அப்பா, இஞ்ச ஓடி வாங்கோ!”

முழந்தாளிட்டுக் குனிந்தேன். நாங்கள் போட்ட சிப்பி மணலின் வெண்மைக்கு மேலே விரல் நுனியளவில் நிழல்கள் அசைந்தன. நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று, நாங்கள் அசைந்ததும் கல்லுக்குள் பாய்ந்தன.

மலையில் தொலைபேசி வேலை செய்யாது. வீதிக்கு இறங்கி வந்ததும் பெரியவருக்கு அழைத்தேன். எத்தனை மீன் பிடித்தாய், எவ்வளவு பெரிது என்று அவர் கேட்கவில்லை.

“சின்னன் இருக்கா?” என்றார்.

“இருக்கு” என்றேன்.